கேட்பதோடு முடிவதல்ல கொடையாளர் உறவு

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது, தலைநகரின் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் விகாரைகளும் ஓரிரு நாட்களுக்குள் நிவாரணக் களஞ்சியங்களாக மாறின. உலர் உணவும் குடிநீரும் உடுதுணியும் லொறிகளில் ஏற்றப்பட்டு மலையகத்துக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டன. இடர் வந்த வேளையில் கொடுப்பதற்கு எமது மக்கள் ஒருபோதும் பின்நின்றதில்லை என்பது மீண்டும் ஒரு தடவை மெய்ப்பிக்கப்பட்டது.

ஆனால், லொறிகள் திரும்பி வந்த பின்னர் என்ன நடக்கின்றது என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினாவாகும். அன்று கொடுத்தவர்களுள் எத்தனை பேருக்கு, அவர்கள் கொடுத்தது யாரைச் சென்றடைந்தது என்ற தகவல் கிடைத்தது? அவர்களுள் எத்தனை பேரின் பெயரும் முகவரியும் சேகரித்த அமைப்பிடம் இன்று இருக்கின்றது? அடுத்த இடர் வரும்போது அவ்வமைப்பு அவர்களிடம் பழகிய உறவினராகச் செல்லுமா, அல்லது முன்பின் அறியாதவராகக் கதவைத் தட்டுமா? இவ்வினாக்களுக்குத் திருப்தியான விடை கூறக்கூடிய அமைப்புகள் எம்மிடையே மிகச் சிலவே.

இவ்விடயம் இப்போது அவசரமானதாக மாறியிருப்பதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு உதவி என்ற ஊற்று வற்றிக்கொண்டிருக்கின்றது. 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியதும், அதே ஆண்டு ஜூலையில் யூ.எஸ்.எயிட் நிறுவனத்தின் பணிகள் முடிவுறுத்தப்பட்டதும் இலங்கையின் அரச சார்பற்ற நிறுவனங்கள் பலவற்றை நிலைகுலைய வைத்தன. ஐரோப்பிய நாடுகள் சிலவும் உதவிகளைக் குறைத்து வருகின்றன. உள்நாட்டிலோ, 2022ஆம் ஆண்டில் நாடு வங்குரோத்து நிலையை அறிவித்த பின்னர் நடுத்தர வர்க்கத்தின் வாங்கும் சக்தி பெரிதும் சுருங்கிவிட்டது. தேவை பெருகி வரவு குறையும் இக்காலத்தில், இருக்கும் கொடையாளரைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாத அமைப்புகள் நீடித்து நிற்பது கடினம்.

கொடை வழங்கும் மனம் இந்நாட்டில் குறைந்துவிட்டது என்று எவரும் கூறமுடியாது. 2010ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளியிடப்பட்ட உலகக் கொடைச் சுட்டெண்ணில் இலங்கை முதல் பத்து நாடுகளுள் ஒன்றாக இடம்பிடித்தது. யுத்தம் முடிந்து ஓராண்டே கடந்திருந்த வறிய நாடொன்று செல்வந்த நாடுகள் பலவற்றை முந்திநின்றமை சிறிய விடயமல்ல. எமது பிரதேசங்களின் வரலாறும் இதையே கூறுகின்றது. கொட்டாஞ்சேனையில் இன்றும் இயங்கும் விவேகானந்த சபை 1902ஆம் ஆண்டில் தோன்றியது. வெள்ளவத்தையில் நிலைகொண்டுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942ஆம் ஆண்டில் உருவானது. மருதானை சாஹிராக் கல்லூரி 1892ஆம் ஆண்டில் முஸ்லிம் முன்னோடிகளின் முயற்சியால் எழுந்தது. இவற்றைத் தோற்றுவித்தவர்கள் வெளிநாட்டு உதவி நிறுவனங்களின் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் அல்லர். வர்த்தகர்கள், அரச உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், சாதாரண குடும்பத்தினர் ஆகியோரின் சந்தாக்களும் நன்கொடைகளுமே இத்தகைய நிறுவனங்களைத் தாங்கி நின்றன. 

இவ்வரலாற்றில் எமது இரு சமூகங்களும் மீண்டும் படிக்கவேண்டிய ஓர் அத்தியாயம் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களுடையது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் பயின்று, இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிம் என்ற பெருமையைப் பெற்றவர் அவர். பின்னாளில் சாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கிய அவர், அரச சேவையில் இருந்தவாறே 1945ஆம் ஆண்டில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கி வைத்தார். இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். கட்டணம் இல்லாதுபோனால் மட்டும் வறிய மாணவன் பல்கலைக்கழகம் சென்றுவிட மாட்டான், அவனுக்கு உணவும் உறைவிடமும் நூலும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தனியொரு செல்வந்தரின் பெயரில் அல்லாது சமூகத்தின் பெயரிலேயே அந்நிதி அமைந்தது. ஒருவர் விலகினாலோ மறைந்தாலோ நிதி மறைந்துவிடாது என்பதே அத்தகைய அமைப்பின் பலம்.

இதற்கு மாறான வழியும் எம்மிடம் உண்டு. இரத்தினக்கல் வர்த்தகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய நளீம் ஹாஜியார் 1973ஆம் ஆண்டில் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். பெரும் கொடையாளர் ஒருவரின் தொலைநோக்கு ஒரு தலைமுறையின் கல்வியையே மாற்றக்கூடும் என்பதற்கு அது சான்று. ஆயினும் அத்தகைய மனிதர்கள் ஒரு நூற்றாண்டில் ஒரு சிலரே தோன்றுவர். அவர்கள் தோன்றும்வரை காத்திருப்பது ஒரு சமூகத்தின் திட்டமாக இருக்க முடியாது. ஆகவே, பலரும் சிறுசிறு அளவில் இடையறாது கொடுக்கும் வழியையே எமது அமைப்புகள் முதன்மையாகக் கொள்ளவேண்டும்.

ஒரே திசையிலிருந்து வரும் பெரும் பணத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை சர்வோதய இயக்கத்தின் அனுபவம் தெளிவாக உணர்த்துகின்றது. கலாநிதி ஏ.டி. ஆரியரத்ன 1958ஆம் ஆண்டில் ஆரம்பித்த அவ்வியக்கம் சிரமதானத்தையும் கிராமத்தவரின் உழைப்பையும் மூலதனமாகக் கொண்டு வளர்ந்தது. 1980களின் நடுப்பகுதியில் நெதர்லாந்தின் நோவிப் உள்ளிட்ட மேலைநாட்டு உதவி நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டு அதற்குப் பெருந்தொகை வழங்க முன்வந்தன. பணம் பெருகியது, பணியாளரும் பெருகினர். ஆனால் அறிக்கைகள், அளவுகோல்கள், கண்காணிப்புக் குழுக்கள் என்று கொடையாளரின் மொழி இயக்கத்தின் மொழியை மேவத் தொடங்கியது. 1990களின் நடுப்பகுதியை அண்மித்தபோது அவ்வுறவு கசந்து, நிதி சுருங்கி, பணியாளரைக் குறைக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. கொடுப்பவர் ஒருவராகவே இருக்கும்போது, அவர் கோபித்துக்கொண்டால் பணி நின்றுவிடும். கொடுப்பவர் ஆயிரம் பேராயின், நூறு பேர் விலகினாலும் பணி தொடரும்.

பணம் மட்டும் வந்து உறவு வராவிட்டால் என்ன நேரும் என்பதை ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்கிலே கண்டோம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதிய அனர்த்தத்தில் மிக அதிக உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. உலகமெங்கும் இருந்து உதவி குவிந்தது. சில கரையோரங்களில் தேவைக்கு மேலாகப் படகுகள் வழங்கப்பட்டன. வேறு சில இடங்களில் ஒருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நன்கொடையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. ஆனால் அவை யாருக்கு உரியவை என்ற பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் குடியேறாமலேயே ஒரு தசாப்தத்துக்கும் மேலாக அவ்வீடுகள் பூட்டிக் கிடந்தன. கொடுத்தவரின் நோக்கம் நல்லது, கட்டடமும் உறுதியானது. எனினும், முதற்கல் நாட்டப்படும் முன்னரே பயனாளிகள் யார் என்பதில் அயற்சமூகங்களுக்கிடையே இணக்கம் காணப்படவில்லை. கொடையாளருடனான உறவைப் போலவே பெறுவோருடனும் அயலவருடனுமான உறவும் நிதித்திட்டத்தின் அங்கமே என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

வெற்றிபெற்ற முயற்சிகளும் உண்டு. 2011ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆடைத் தொழிற்றுறையைச் சேர்ந்த நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே ஆகிய இருவரும் தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்து முடித்தனர். வழியெங்கும் பல்லாயிரக்கணக்கானோர் அவர்களுடன் இணைந்து நடந்தனர். ‘ட்ரெயில்’ எனப்பட்ட அந்நடைபயணம் திரட்டிய 20 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட நிதி தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையாக உருவெடுத்தது. 2016ஆம் ஆண்டில் அதே பாதையில் மறுதிசையாக, பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்து, காலி கராப்பிட்டியவில் அமையவிருந்த புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினர். தெற்கு வடக்குக்காகவும், வடக்கு தெற்குக்காகவும் நடந்த அப்பயணம் யுத்தத்தால் பிளவுண்ட நாட்டில் பணத்தைவிடப் பெரிய ஒன்றையும் திரட்டியது எனலாம்.

2016ஆம் ஆண்டிலேயே வேறொரு முயற்சியும் இடம்பெற்றது. புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த கொழும்பு முஸ்லிம் தந்தை ஒருவரின் முன்முயற்சியில் கதீஜா பவுண்டேஷன் அமைப்பு, மகரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்கென 20 கோடி ரூபாவைத் திரட்ட முனைந்தது. பாடசாலைச் சிறுவரின் உண்டியலிலிருந்து பெருநிறுவனங்களின் காசோலை வரை, இன மத வேறுபாடின்றிப் பணம் வந்து சேர்ந்து, சில மாதங்களிலேயே இலக்கு எட்டப்பட்டது.

இவ்விரு முயற்சிகளும் எதனால் வென்றன? முதலாவதாக, எதற்காகக் கேட்கின்றோம் என்பது ஒரே வசனத்தில் சொல்லக்கூடியதாக இருந்தது. இரண்டாவதாக, எவ்வளவு தேவை, எவ்வளவு சேர்ந்துள்ளது என்ற கணக்கு மக்கள் முன் இருந்தது. மூன்றாவதாக, கேட்டவர்கள் தாமும் ஏதோ ஒன்றைக் கொடுத்திருந்தனர். ஒருவர் தம் கால்களின் வலியை, இன்னொருவர் தம் துயரத்தை. நான்காவதாக, கம்பனிகளிடம் பணத்தை மட்டுமன்றி, அவற்றின் முகாமைத்துவத் திறனையும் ஊழியரின் உழைப்பையும் விளம்பர ஆற்றலையும் பெற்றுக்கொண்டனர்.

எனினும், இங்கு ஒன்றை மறந்துவிடலாகாது. தெல்லிப்பழையில் கட்டடம் எழுந்த பின்னர் வைத்தியருக்கும் தாதியருக்கும் சம்பளம் வழங்குவது அரசு. மாதாந்தச் செலவைத் தாங்க வேறொருவர் இருந்தமையால் ஒருமுறைக் கொடை போதுமானதாயிற்று. ஒரு சிறுவர் இல்லத்துக்கோ, முதியோர் இல்லத்துக்கோ, புலமைப்பரிசில் நிதிக்கோ அந்த வசதி இல்லை. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் உதவி பெறும் மலையக மாணவி, கொடையாளர் விலகியதும் இரண்டாம் ஆண்டில் நடுத்தெருவில் விடப்படுவாளாயின், அந்த உதவி அவளுக்கு நன்மையா தீமையா என்று கேட்கவேண்டியுள்ளது. இத்தகைய பணிகளுக்கு வேண்டியது விழாக்கால வெள்ளமல்ல, வாய்க்காலில் எந்நாளும் ஓடும் நீரே.

எமது கொடைப் பழக்கமோ பெரும்பாலும் நாள் பார்த்து வருவதாகவே உள்ளது. பிறந்தநாளுக்கும் பெற்றோரின் நினைவு தினத்துக்கும் சிறுவர் இல்லமொன்றுக்கு ஒருவேளை உணவு வழங்கும் நல்வழக்கம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பரவலாக உண்டு. அதன் பயனாகச் சில நாட்களில் ஒரே இல்லத்துக்கு இரண்டு, மூன்று மதிய உணவுகள் வந்து சேர்கின்றன. ஆனால் அதே இல்லத்தின் மின்கட்டணத்துக்கும், கணித ஆசிரியரின் வேதனத்துக்கும், பிள்ளையின் பல் வைத்தியத்துக்கும் எவரும் முன்வருவதில்லை. முஸ்லிம் மக்களிடையே ஸக்காத்தும் ஸதகாவும் பெருமளவில் ரமழான் மாதத்திலேயே வழங்கப்படுகின்றன. எஞ்சிய பதினொரு மாதங்கள் பல அமைப்புகளுக்கு வறட்சிக் காலம். இதற்காகக் கொடையாளரைக் குறைகூறுவது முறையன்று. வேறு என்ன தேவை என்று அவரிடம் எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதே உண்மை.

குறை பெரும்பாலும் அமைப்புகளின் பக்கமே உள்ளது. கேட்பதற்கு ஒரு கடிதம் எழுதுகின்றோம். பணம் கிடைத்ததும் பற்றுச்சீட்டு வழங்குகின்றோம். அதன்பின் அடுத்த ஆண்டு அதே கடிதத்தைத் திகதி மாற்றி அனுப்புகின்றோம். இடைப்பட்ட பன்னிரண்டு மாதங்களில் அந்தக் கொடையாளருக்கு ஒரு வரிச் செய்தியும் செல்வதில்லை. கொடையாளரின் பட்டியலோ செயலாளரின் கைத்தொலைபேசியில் இருக்கின்றது. அவர் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ சென்றுவிட்டால் அமைப்பின் நாற்பது ஆண்டு உறவுகளும் அவருடன் விமானம் ஏறிவிடுகின்றன. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும் கணக்கறிக்கை, கூட்டத்துக்கு வராத கொடையாளரின் கண்ணில் படுவதேயில்லை.

இவ்விடத்தில் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களைச் சற்று உற்றுநோக்குவது பயன்தரும். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் கொழும்புக் கிளைகளும், இலண்டன், ரொறன்ரோ, சிட்னி நகரங்களின் கிளைகளும் யுத்தகாலத்திலும் அதற்குப் பின்னரும் தத்தம் பாடசாலைகளைத் தாங்கி நின்றன. அவை செல்வந்தர்களை மட்டும் நம்பி இயங்குபவை அல்ல. ஆண்டுதோறும் ஒன்றுகூடலும் இராப்போசனமும் துடுப்பாட்டப் போட்டியும் நடக்கின்றன. மலர் வெளியாகின்றது. பணம் கேட்கப்படாத வேளைகளிலும் உறுப்பினர் அழைக்கப்படுகின்றனர். ஊருக்குச் செல்லும்போது தாம் கட்டிக்கொடுத்த வகுப்பறையைச் சென்று பார்க்கின்றனர். கொடையாளர் தம்மை அந்நியராக உணராது, அவ்வீட்டின் பிள்ளையாக உணர்கின்றார். நன்கொடை திரட்டும் கலை என்று மேலைநாடுகளில் நூல்நூலாக எழுதப்படுவதன் சாரம் இதுவே. ஏனைய அறநிறுவனங்கள் இதைக் கற்றுக்கொள்வதற்குக் கடல் கடந்து போகவேண்டியதில்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் வலிமை புலப்படும். மாதம் 1,000 ரூபா வழங்கும் 500 பேரை ஓர் அமைப்பு சேர்த்துக்கொள்ளுமாயின், மாதத்துக்கு 5 இலட்சம், ஆண்டுக்கு 60 இலட்சம் ரூபா நிச்சயமான வருமானமாகின்றது. வெள்ளவத்தையின் காலி வீதி தொடக்கம் கடற்கரை வரையான தொடர்மாடிக் குடியிருப்புகளை எண்ணும்போது 500 குடும்பங்கள் என்பது பெரிய தொகையல்ல. மாதந்தோறும் பணம் தானாகவே சென்றடையும்படி வங்கிக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்தாலே போதும். எமது பாட்டிமார் சோறு சமைக்குமுன் எடுத்துவைத்த பிடியரிசியின் இன்றைய வடிவம் அதுவே. ஒவ்வொரு கைப்பிடியும் சிறிது, ஆனால் ஒருநாளும் தவறுவதில்லை.

வர்த்தக நிறுவனங்களின் விடயம் சற்று வேறுபட்டது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் தமது சராசரி இலாபத்தின் 2 வீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடவேண்டும் என விதிக்கின்றது. இலங்கையில் அத்தகைய கட்டாயம் இல்லை. வரிச்சலுகையும் பெரிதாக ஈர்ப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனங்களுக்கான நன்கொடைக்கு தனிநபருக்கு 75,000 ரூபாவையும் நிறுவனங்களுக்கு 5 இலட்சம் ரூபாவையும் கழிவின் உச்ச வரம்பாக வகுத்தது. ஆகவே இங்கு ஒரு கம்பனி கொடுக்கின்றதென்றால், அது சட்டத்துக்கு அஞ்சியோ வரிக்கு அஞ்சியோ அன்று. தன் பெயருக்கும், தன் ஊழியரின் மனநிறைவுக்கும், கேட்டவர் மீதான நம்பிக்கைக்குமாகவே கொடுக்கின்றது.

இதை உணர்ந்தால் அணுகவேண்டிய முறையும் தெளிவாகும். கம்பனிகளின் அடுத்த ஆண்டுச் செலவுத்திட்டம் முடிவாகிய பின்னர் கடிதத்துடன் செல்வதில் பயனில்லை. பலர் சித்திரைப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் ஒரு வாரம் இருக்கும்போதுதான் அனுசரணை கேட்டுச் செல்கின்றனர். ஒருநாள் விழாவுக்கு அனுசரணை கேட்பதிலும் பார்க்க, மூன்றாண்டுத் திட்டமொன்றில் பங்காளராகுமாறு கேட்பதே மேலானது. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் எதை அளந்து காட்டுவோம், எது நிறைவேறாவிடின் எவ்வாறு அறிவிப்போம் என்பதை எழுத்தில் கொடுக்கவேண்டும். தோல்வியை மறைக்காது சொல்லும் அமைப்பையே நிறுவனங்கள் மறுமுறையும் நம்புகின்றன. அத்துடன், பெருங்கம்பனிகளை மட்டும் எண்ணிக்கொண்டிராது, செட்டியார் தெருவின் நகை வர்த்தகரையும் புறக்கோட்டையின் மொத்த வியாபாரியையும் நினைவிற்கொள்ள வேண்டும். பணிப்பாளர் சபைக் கூட்டத்துக்குக் காத்திராமல் அன்றே முடிவெடுக்கக்கூடியவர்கள் அவர்கள்.

எந்தப் பணத்தை ஏற்பதில்லை என்பதையும் அமைப்புகள் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நன்று. மதுபானம், புகையிலை, சூதாட்டம் ஆகியவற்றின் வருமானத்தை ஏற்பதா என்பது பெருந்தொகைக் காசோலை மேசைக்கு வந்த பின்னர் விவாதிக்கப்படும் விடயமாக இருக்கலாகாது. ஸக்காத் நிதிக்குத் திருக்குர்ஆன் எட்டு வகையான உரித்தாளரை வரையறுத்துள்ளது. அதனைக் கட்டடச் செலவுடனோ நிர்வாகச் செலவுடனோ கலந்துவிடாது தனிக்கணக்கில் பேணுவது மார்க்கக் கடமை மட்டுமன்று, கொடுத்தவரின் நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதையுமாகும். ஆலயத் திருப்பணிக்கெனத் திரட்டிய நிதியும் அவ்வாறே.

எமது வாசகர்கள் பலரின் மனத்தில் இருக்கும் அச்சம் ஒன்றையும் இங்கு பேசாது விடமுடியாது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட பயங்கரவாத நிதியளிப்பு, பணச்சலவை தொடர்பான சட்டங்களின் கீழ் வங்கிகள் கேட்கும் வினாக்கள் சிறுபான்மைச் சமூகங்களின் அமைப்புகளைக் கூடுதலாகவே உறுத்துகின்றன. புலம்பெயர் தமிழ் அமைப்புகள் பல 2014ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டு, பின்னர் சில விடுவிக்கப்பட்டு, 2021இல் மீண்டும் தடைசெய்யப்பட்டு, 2022இல் அவற்றுள் ஆறு மீண்டும் விடுவிக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் முஸ்லிம் தொண்டு அமைப்புகள் அனைத்துமே சந்தேகக் கண்கொண்டு நோக்கப்பட்டன. நேற்றுச் சட்டபூர்வமாயிருந்த நன்கொடை நாளை விசாரணைக்குரியதாகலாம் என்ற நிலையில், பலர் பெயர் கூறாது கொடுக்கவோ, கொடுக்காது விடவோ விரும்புவதில் வியப்பில்லை.

இதற்கு அமைப்புகள் செய்யக்கூடியது ஒன்று, அரசு செய்யவேண்டியது வேறொன்று. அமைப்புகள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ, கம்பனிகள் சட்டத்தின் கீழோ முறையாகப் பதிவுசெய்துகொண்டு, கணக்காய்வு செய்யப்பட்ட கணக்குகளை மூன்று மொழிகளிலும் பகிரங்கமாக வெளியிடவேண்டும். ஒளிக்க எதுவுமில்லை என்று சொல்வதைவிட, திறந்து காட்டுவதே பாதுகாப்பானது. அரசோ, அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனம் என்பதற்கான வரைவிலக்கணத்தை நோயாளர், வறியோர் ஆகியோரைப் பராமரிக்கும் இல்லங்களுடன் நிறுத்திவிடாது, கல்வி நிதியங்களுக்கும் விரிவாக்கவேண்டும். அரச சார்பற்ற நிறுவனங்கள் பெறும் நன்கொடையில் 3 வீதத்தை வருமானமாகக் கருதி வரி அறவிடும் ஏற்பாட்டையும் மீளாய்வு செய்யவேண்டும். அரசு தன்னால் சுமக்கமுடியாத பாரத்தைச் சுமப்பவர்களின் தோளில் வரியையும் ஏற்றுவது நியாயமாகாது.

மற்றொன்றையும் கூறியாக வேண்டும். கொடையாளரை மகிழ்விப்பதற்காகப் பெறுபவரின் மானம் விலைபோகக் கூடாது. மேசைப் பரப்பளவு பெரிதான அட்டைக் காசோலைக்குப் பின்னால் நிறுத்தப்படும் சிறுவர்களும், ஒரு பொதி அரிசிக்காகப் புகைப்படத்துக்கு முகம் கொடுக்கும் தாய்மாரும் எமது பத்திரிகைப் பக்கங்களிலும் இடம்பெறுகின்றனர். அப்படம் நாளை அப்பிள்ளையின் வகுப்புத் தோழர் கையில் கிடைக்கும் என்பதைக் கொடுப்பவரும் வெளியிடுபவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற போதனையை எமது சமயங்கள் வெவ்வேறு சொற்களில் கற்பித்துள்ளன. கணக்குக் காட்டவேண்டியது பணத்துக்கே அன்றி, வறியவரின் முகத்தை அல்ல.

புதிய அலுவலகமோ வெளிநாட்டு ஆலோசகரோ தேவைப்படாத, இவ்வாண்டிலேயே செய்யத்தக்க சில காரியங்களை எமது அமைப்புகளின் நிர்வாக சபைகளிடம் முன்வைக்கின்றோம். கொடையாளர் பதிவேடு ஒன்றைச் செயலாளரின் சொத்தாகவன்றி அமைப்பின் சொத்தாகப் பேணுங்கள். நன்கொடை பெற்ற மூன்று மாதத்துக்குள், எதையும் கேட்காத கடிதமொன்றை அனுப்பி, அப்பணத்தால் நடந்ததைச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கொடையாளரை அழைத்து, பணியை நேரிற் காணச் செய்யுங்கள். நினைவு தினத்தில் உணவு வழங்குபவருக்கு அத்திகதிக்கு ஒரு மாதம் முன்னரே எழுதி, இவ்வாண்டு உணவைவிட எது தேவை என்று மனந்திறந்து கூறுங்கள். எந்தவொரு கொடையாளரும் உங்கள் வருமானத்தின் பெரும்பகுதியைத் தாங்குபவராக ஆகிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். கொடுத்ததோடு கடமை முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். கேள்வி கேட்கும் கொடையாளரே நல்ல அமைப்பின் நண்பர். வெள்ளவத்தையின் அமைப்பு மருதானையின் மாணவனுக்கும், கொட்டாஞ்சேனையின் வர்த்தகர் மூதூரின் மாணவிக்கும் கைகொடுக்கும் நாளில், அஸீஸ் போன்றோர் இரு சமூகங்களின் கல்விச் செல்வத்தாலும் வளர்ந்து எமக்கு விட்டுச்சென்ற மரபு தொடரும். வெளியார் உதவி வரும் போகும். எம்மிடையேயான நம்பிக்கையை நாமே வளர்த்துக்கொண்டால்தான், இரண்டாம் ஆண்டுக்குச் செல்லும் மாணவி படிப்பை இடைநிறுத்தாது மூன்றாம் ஆண்டுக்கும் செல்வாள்.